உடன் வருபவர்

லோகாம்பாளுக்குக் காலை மாத்திரையை விழுங்க வைத்தபோது மணி ஆறு பத்து. இனி அது உடம்பில் இறங்கி வேலையைத் தொடங்க நாற்பது நிமிடம் ஆகும், சில நாள் ஐம்பதும் ஆகும். அதுவரை அவள் கட்டிலில் ஜன்னல் பக்கம் பார்த்து ஒருக்களித்து, சென்னியப்பன் எப்படித் திருப்பி விட்டாரோ அப்படியே கிடப்பாள். தானாகப் புரள முடியாது. நாலு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல முடியாது. ஈரச் சிமெண்டுக்குள்ள படுத்திருக்கிற மாதிரி இருக்குதுங்க, கொஞ்சங்கொஞ்சமா இறுகுது என்று ஒரு தடவை சொன்னாள், அதைச் சொன்னதுகூட ஒரு பத்து மணி வாக்கில், மாத்திரையின் தயவில். பார்க்கின்சன் என்று பேர் தெரிந்து நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போகிற ஆஸ்பத்திரி நாள். பழைய ஃபைலையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். காத்திருக்கிற நேரத்தில் அதை அடுக்கி வைத்துவிடலாம் என்று சென்னியப்பன் அவள் முதுகுப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மடியில் வைத்துப் புரட்டினார். இருபத்தாறு வருஷம் மெடிக்கல் ரெப்பாக இருந்தவருக்குக் காகிதத்தை வரிசைப்படுத்துவது ஒரு வேலையே இல்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மாத்திரை மாற்றிய சீட்டு, மறுபடி ரத்தம். அதற்கும் இதற்கும் நடுவில், நாலாக மடித்த ஒரு படிவம். ஆய்வில் பங்கேற்க ஒப்புதல் என்று தலைப்பு. யாருடையதோ மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு கட்டங்களுக்குள் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருந்த பின்கோடு எண்களைப் பார்த்தார். தபாலாபீஸ் கவுண்டரில் முப்பத்திரண்டு வருஷம் இருந்த லோகாம்பாள் மட்டும்தான் பின்கோடை அப்படி எழுதுவாள். பெயர், வயது, முகவரி, எல்லாம் சரியாக. கடைசியில் கையெழுத்து, ஒரு அரிசி நீளத்துக்குச் சுருங்கிப்போன கையெழுத்து. தேதி ஜூன் பதினாலு, மூன்று வருஷத்துக்கு முன்னால். அதற்குக் கீழே உடன் வருபவரின் பெயர், உடன் வருபவரின் கையொப்பம் என்று இரண்டு கோடு. இரண்டும் காலி. ஓரத்தில் வேறு யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: தனியாக வந்தார், கணவருடன் வரச் சொல்லியிருக்கிறோம்.

ஜூன் பதினாலு. டாக்டர் இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னது அந்த வருஷம் ஜூன் மூன்றாம் தேதி, அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அந்த மத்தியானத்தை அவர் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார், நினைக்கக் கூடாது என்று தீர்மானித்த பிறகும் நினைத்திருக்கிறார். டாக்டர் இளவரசி சின்ன வயசு, நிதானமாகப் பேசுகிறவர். இப்பக் குடுக்கற மாத்திரை கஷ்டத்தைக் குறைக்கும், ஆனா நோய் உள்ளுக்குள்ள நகர்றதை நிறுத்தாதுங்க, அதை மெதுவாக்கறதுக்கு உலகத்துலயே இன்னும் ஒரு மருந்தும் உறுதியாகலை என்றார். புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சுக் கடைக்கு வர்றதுக்குப் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும், அதனால வேற நோய்க்குன்னு ஏற்கனவே குடுத்துட்டிருக்கற பழைய மருந்துல ஏதாச்சும் இதுக்கு உதவுமான்னு பாக்கறாங்க, சர்க்கரைக்குக் குடுக்கறது, ரத்தக் கொதிப்புக்குக் குடுக்கறது, இப்படி நிறைய, எங்க ஆஸ்பத்திரியில பாக்கப்போறது சளி மாத்திரை என்று சொல்லி அதன் பெயரையும் சொன்னார். பெயரைக் கேட்டதும் சென்னியப்பன் சிரித்துவிட்டார். வாய்விட்டு, நாற்காலி அசையச் சிரித்தார். அந்த மாத்திரையைப் பையில் சுமந்துகொண்டு பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் என்று அவர் ஏறாத கிளினிக் இல்லை. "டாக்டர், இருபத்தி ரெண்டு வருஷம் நான் வித்த மாத்திரைங்க அது. அதுக்குச் சளியே ஒழுங்கா எளகாது" என்றார். டாக்டரும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். சளிக்குக் கொடுக்கிற அளவே வேறு, இது அதைப்போல் பல மடங்கு, எங்கள் கண்காணிப்பில்தான் கொடுப்போம், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைதான் போகும், யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது, இதையெல்லாம் சொல்லித்தான் கேட்கிறோம் என்றார். பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. அதைப் பிடித்துக்கொண்டார் சென்னியப்பன். பாதிப் பேரை எதற்காக ஏமாற்ற வேண்டும், மருந்து பலிப்பதுபோல் கோடு மேலே ஏறுகிற மாதிரி படம் போடுவது எப்படி என்று எனக்குத் தெரியாதா என்றெல்லாம் பேசினார், அருமையாகப் பேசினார், பணியில் இருந்த காலத்தில்கூட ஒரு டாக்டர் முன்னால் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. நடுவில் லோகாம்பாள் அவர் சட்டைக் கையைத் தொட்டாள். "போட்டுப் பாத்தா என்னங்க?" என்றாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. அப்பறம் பேசிக்கலாம் என்றார். அவ்வளவுதான். அதட்டவில்லை, கோபிக்கவில்லை, அப்பறம் பேசிக்கலாம், எவ்வளவு நயமான வார்த்தை. அந்த அப்பறம் வரவே இல்லை. வீட்டுக்கு வருகிற வழியில் தக்காளி வாங்கினார்கள்.

ஜன்னலுக்கு வெளியே பால்காரரின் வண்டி நின்றுவிட்டுப் போனது. ஆறு இருபத்தைந்து. லோகாம்பாளின் தோள் அசையவில்லை. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அவர் இருக்கிற இடத்திலிருந்து தெரியாது, எழுந்து போய்ப் பார்க்கலாம், போகவில்லை. ஏன் சிரித்தோம் என்று மறுபடி வந்து நின்றது மனது. தொழில் தெரிந்ததால் என்று இதுவரை தனக்கே சொல்லிவந்தார், அதில் பொய்யும் இல்லை, வழவழவென்ற காகிதத்தில் அச்சடித்த படத்தை டாக்டர்கள் முன்னால் விரித்துக் காட்டி, எந்தக் கோட்டை எங்கே வெட்டினால் எவ்வளவு உயரமாகத் தெரியும் என்று படித்தவர் அவர், சாம்பிளும் பேனாவும் காலண்டரும் கொடுத்து, தனக்கே நம்பிக்கையில்லாததை நம்புங்கள் என்று சொல்லியே பிள்ளையைப் படிக்க வைத்தவர். அப்படிப்பட்டவனிடம் வந்து அதே மாத்திரையை நீட்டினால் சிரிப்பு வராதா. ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. டாக்டர் பேசிக்கொண்டிருந்தபோது, இந்த ஆய்வில் சேர்ந்தால் மாதா மாதம் வந்து விரலைத் தட்டிக் காட்ட வேண்டும், பத்து மீட்டர் நடந்து காட்ட வேண்டும், எத்தனை வினாடி என்று குறிப்பார்கள் என்று சொன்னார். அந்த வினாடிகள் ஏறுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியதே, அதுவா. இல்லை, அதற்கும் கீழே. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள். கழுத்து ஒரு பக்கம் இழுத்தவர், வாயோரம் துண்டு வைத்துத் துடைக்கப்படுகிறவர், தரையில் கால் ஒட்டிக்கொண்டு அடி எடுத்து வைக்க முடியாமல் கதவு நிலையில் நின்றுபோனவர். அவர்களோடு மாதம் ஒருநாள். என் பெண்டாட்டி இந்த வரிசையில் இல்லை, அவளுக்கு வலது கை லேசாக ஆடுகிறது, எழுத்து கொஞ்சம் பொடிசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்வதற்காகவே சிரித்தாரா. சிரித்தால் அந்த வரிசை தள்ளிப் போகும் என்று. தள்ளிப் போகவில்லை. போன வருஷம் கார்த்திகையில் இதே வீட்டுச் சமையலறை வாசலில் லோகாம்பாளின் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது, கையில் சாதக் குண்டாவோடு நின்றுவிட்டாள், அவர் அந்தப் பக்கமிருந்து வா, வா, எட்டு வெச்சு வா என்றார், அவள் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அப்போதாவது அந்த ஆய்வைப் பற்றி அவளிடம் கேட்டிருக்கலாம். அப்போதும் கேட்கவில்லை.

ஜூன் பதினாலு அவர் திருப்பூரில் இருந்தார். கூட வேலை பார்த்தவர் மகள் கல்யாணம், நீயும் வா என்று லோகாம்பாளைக் கூப்பிட்டார், கூட்டத்துல கை ஆடறதை எல்லாரும் பாப்பாங்க, நீங்க போயிட்டு வாங்க என்றாள். அது காரணமாகத்தான் தோன்றியது, சரி என்று போனார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், பழைய ரெப்புகள் நாலு பேர் கூடியதும் இந்தச் சளி மாத்திரைக் கதையை எடுத்துவிட்டார். கேட்டீங்களா, நம்ம மாத்திரை இப்ப மூளைக்குப் போகுதாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் அவள் எங்கே இருந்திருப்பாள். பதினொரு மணிக்கு இருக்கலாம். சேலை கட்டிக்கொண்டு, கொசுவத்துக்கு ஊக்குக் குத்த விரல் ஒத்துழைக்காமல் ரொம்ப நேரம் நின்றிருப்பாள், அந்த நாளிலேயே ஊக்கு குத்துவது அவர்தான். டவுன் பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் சீக்கிரம் ஏறும்மா என்று சொல்லியிருப்பான். காந்திபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ். வரிசையில் அந்தக் கழுத்து இழுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பியிருக்க மாட்டாள், எங்கிருந்து வர்றீங்க என்று கேட்டிருப்பாள். ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தவள் தனக்கு ஒன்று நிரப்பினாள். நிரப்பி முடித்துக் கடைசிக் கோட்டுக்கு வந்து, உடன் வருபவர் என்று படித்து, அங்கே பேனாவை நிறுத்தியிருப்பாள். சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது அவள் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் எப்படி என்று கேட்டாள். சாப்பாடு நல்லா இருந்துச்சு என்றார். தாம்பூலப் பையைக் கொடுத்தார், அதை வாங்கி அலமாரியில் வைத்தாள். அவள் முகத்தில் எதுவும் இல்லை. அந்த நோயே அப்படித்தான், முகத்தில் எதுவும் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் மூன்று வருஷமாக அந்த முகத்தில் எதையும் தேட வேண்டியதில்லை என்று அவர் வசதியாக விட்டுவிட்டார்.

ஆறு நாற்பது. படிவத்தை மடித்து வைத்துவிடலாமா, இருந்த இடத்திலேயே, ஸ்கேனுக்கும் ரத்தத்துக்கும் நடுவில், பார்க்காத மாதிரி. வைத்துவிட்டால் பத்து மணிக்கு டாக்டர் மேஜையில் இந்த ஃபைல் திறக்கும். வேண்டுமென்றால் சட்டைப் பையில். சட்டைப் பையில் வைத்தது ஒன்று முன்பும் உண்டு. சமையலறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டதே, அதற்கு மறுநாள், மருந்துக் கடைக்குப் போய் அந்தச் சளி மாத்திரை ஒரு அட்டை வாங்கினார். கடைக்காரர் சளிங்களா என்று கேட்டார், ஆமா என்றார். பையில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தார், எத்தனை கொடுப்பது, பல மடங்கு என்றால் எத்தனை மடங்கு, சிறுநீரகம் என்ன ஆகும், இதயம் என்ன ஆகும், விற்றவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொடுக்கவில்லை. தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். இப்போது அந்த அட்டையைப் பற்றி நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைவிட வெட்கம் போன மாதத்தில் இருக்கிறது, அதை நினைக்காமல் தாண்டிப்போகத்தான் இந்த அரைமணி நேரமாக எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவருக்கே தெரிந்தது. போன மாதம் மாத்திரைச் சீட்டு மாற்ற மட்டும் போயிருந்தார்கள். வராண்டாவில் காளியண்ணன் என்பவர் உட்கார்ந்திருந்தார், லாரி ஓட்டியவர், அந்த ஆய்வில் சேர்ந்தவர். மனைவி கூடவே வந்து, மூன்றடுக்குத் தூக்குப்போசியைத் திறந்து அவருக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் குடுத்தது மருந்தா சுண்ணாம்பான்னு சாமிக்குத்தான் தெரியும், ஆனா பாருங்க, இன்னும் நானே சட்டைப் பட்டன் போடறேன் என்று காளியண்ணன் போட்டுக் காட்டினார், இரண்டு பட்டன். லோகாம்பாள் அதைக் கவனமாகப் பார்த்தாள். உள்ளே டாக்டர், எல்லாருக்கும் மருந்து குடுத்து முடிஞ்சிருச்சு, கணக்குப் போட்டு முடிவு சொல்ல அடுத்த வருஷம் ஆயிரும், பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இதுக்கு முன்னாடி இப்படி நம்பின சில மருந்து ஒண்ணுக்கும் ஆகாமப் போயிருக்குங்க என்றார். திரும்புகிற ஆட்டோ கோனியம்மன் கோயிலைத் தாண்டியபோது பழக்கத்தில் கை குவிந்தது. குவிந்த கைக்குள் வேண்டுதல் தானாக வந்து உட்கார்ந்தது. அது பலிக்கக் கூடாது தாயே. காளியண்ணனுக்குக் கொடுத்தது சுண்ணாம்பாக இருக்கட்டும், இல்லை மருந்தாகவே இருந்து அந்த மருந்தே சுண்ணாம்பாகப் போகட்டும். ஊரில் நாட்டில் உலகத்தில் இந்த நோயோடு எத்தனை லட்சம் பேர் படுத்திருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் அது உதவாமல் போகட்டும். போனால்தான் நான் சிரித்தது சரியாகும். ஆட்டோ சிக்னலில் நின்றது. பக்கத்தில் லோகாம்பாளும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள், வலது கை ஆடாமல் இருக்க இடது கையால் இறுக்கிப் பிடித்தபடி. உலகத்தில் இப்படி ஒருவன் வேண்டுவானா என்று அவர் தன்னையே பார்த்தார், பார்த்துவிட்டும் அந்த வேண்டுதலைத் திரும்ப எடுக்கவில்லை. இன்று காலை வரை எடுக்கவில்லை. இந்தப் படிவத்தைப் பார்க்கும் வரை. இல்லை, பார்த்த பிறகும்தான், பார்த்த பிறகு இன்னும் பலமாக வேண்டினார், பலித்துவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்து.

கட்டில் கிறீச்சிட்டது. லோகாம்பாளின் கால் பெருவிரல் விறைப்பை விட்டு மெல்ல மடங்கியது. இது முதல் அடையாளம். பிறகு தோள். பிறகு அவள் ஒரு கையை மெத்தையில் ஊன்றி, சற்று ஓய்ந்து, மறுபடி ஊன்றி, தானாகவே அவர் பக்கம் புரண்டாள். ஆறு ஐம்பத்தைந்து. அவர் படிவத்தை மறைக்கவில்லை, மறைக்க நேரம் இருந்தது.

"என்னங்க அது?" குரல் இன்னும் முழுசாக வரவில்லை, காற்றில் பாதி போய்விட்டது.

காட்டினார். அவள் அதைப் படிக்கிற தூரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுலயா கெடந்துச்சு? நான் கிழிச்சுப் போட்டுட்டன்னு நெனச்சேன்."

"நான் திருப்பூர் போனன்னைக்கு."

"ஆமாங்க. அங்க இருந்த புள்ள நல்லாத்தான் பேசுச்சு. ஒவ்வொரு தடவையும் வீட்டாளு ஒருத்தர் வரோணும், இவங்க எப்படி நடக்கறாங்க, எப்படித் தூங்கறாங்கன்னு அவுங்கதான் சொல்லோணும்னுச்சு. அவர் வருவாருங்களான்னு கேட்டுச்சு." மூச்சு வாங்கினாள். "கேட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே லோகு. சண்டை போட்டிருக்கலாமே. நான் வந்திருப்பேன்."

"வந்திருப்பீங்க. எனக்குத் தெரியாதுங்களா. மாசாமாசம் வந்து, மாசாமாசம் சிரிச்சிருப்பீங்க." அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. முகவரியைச் சரிபார்க்கிறவள் குரலில் சொன்னாள்.

அவர் படிவத்தை மடித்தார், பிரித்தார். நெஞ்சுக்குள் வரிசையாக வந்து நின்ற சமாதானங்கள் எல்லாம், டாக்டருக்கே தெரியாது, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, முன்னாடி எத்தனையோ மருந்து தோற்றிருக்கிறது, எல்லாம் நின்றபடியே நின்றன. வாய்க்கு வந்தது வேறு. "நான் ஒண்ணு வேண்டிக்கிட்டேன் லோகு. போன மாசம், ஆட்டோவுல. அந்த மாத்திரை பலிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். காளியண்ணனுக்கும், யாருக்குமே. என்னைக் காறித் துப்பினாலும் சரி. அப்படித்தான் வேண்டினேன்."

அவள் கண் சிமிட்டினாள். அவர் பக்கம் புரண்ட பிறகு முதல் தடவையாகக் கண் சிமிட்டினாள். முகம் இளகிக்கொண்டு வந்தது, மாத்திரையின் வேலையா வேறா என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"நானும் அன்னைக்கு அதையேதாங்க வேண்டுனேன்" என்றாள்.

அவர் தலையைத் தூக்கினார்.

"அது பலிச்சுருச்சுன்னா நான் உங்கள மன்னிக்கோணும்ல? எந்திரிச்சு உக்காரவே எனக்கு ஒரு மணி நேரம் ஆகுது. அதுக்கெல்லாம் தெம்புக்கு எங்க போவேன்."

வெளியே நன்றாக விடிந்து வெயில் ஜன்னல் கம்பியில் ஏறியிருந்தது. சென்னியப்பன் எழுந்து நின்றார், கட்டிலுக்குப் பக்கத்தில் போய் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினார். லோகாம்பாள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை முயன்று விழுந்து, இரண்டாம் தடவை முயன்று, தானே எழுந்து உட்கார்ந்தாள். கூந்தலை ஒதுக்கிக்கொண்டாள். அவர் நீட்டிய கையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.